படை விமானி ஆகப் பணம் வேண்டாம்! பத்தாம் வகுப்பிலேயே வழி காட்டினால் போதும்

விழுப்புரத்துப் பையனுக்கு விமானம் ஓட்ட ஆசை வரக்கூடாதா? திண்டிவனத்துப் பெண்ணுக்கு வரக்கூடாதா? வரலாம். ஆனால், "அதுக்கெல்லாம் லட்சம் லட்சமா பணம் வேணும், போய் வேலையப் பாரு" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இது பாதிதான் உண்மை. தனியார் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்று லைசென்சு வாங்கத்தான் லட்சக்கணக்கில் செலவு. விமானப்படையில் கதையே வேறு. அரசாங்கமே சாப்பாடு போட்டு, பறக்கவும் கற்றுக் கொடுக்கிறது. பயிற்சியின் கடைசி ஓராண்டில் மாதம் 56 ஆயிரத்து 100 ரூபாயும் கொடுக்கிறது.

ஆக, பணம் தடை இல்லை. சரியான நேரத்தில் சேதி தெரியாததுதான் தடை.

புரோக்கர் பேச்சை நம்பாதீர்

"வேறு வேலை பார்த்துக்கொண்டே ரிசர்வ் விமானி ஆகலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஆகலாம். அங்கே 'ஏர் நேஷனல் கார்டு' என்ற படை, வெளி ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பகுதி நேர விமானியாக வைத்துக்கொள்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு 1952-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ரிசர்வ் படை, துணை விமானப்படை எல்லாம் அதில் உண்டு. 1950-களில் டில்லி, பம்பாய், மெட்ராஸ் போன்ற ஊர்களில் துணைப்படை அணிகளும் இருந்தன. அது நீடிக்கவில்லை.

இன்றைக்கு வெளி ஆள் நேராக விண்ணப்பம் போட்டு ரிசர்வ் விமானி ஆக முடியாது. முதலில் படையில் சேர வேண்டும். வேலை முடிந்து வெளியே வருகிறவரை ரிசர்வில் வைத்து, நாட்டுக்கு ஆபத்து வந்தால் திரும்பக் கூப்பிடலாம். எனவே, "ரிசர்வ் விமானி வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று எவனாவது வந்தால், அவனை உட்கார வைத்துவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள்!

596 இடம் காலி

படைக்கு ஆள் தேவை இல்லையா? தேவை இருக்கிறது. 2015 பிப்ரவரியில் விமானப்படைக்கு 486 விமானிகள் பற்றாக்குறை. 2021 முடிவில் அது 596 ஆகிவிட்டது. இதைச் சொன்னது மத்திய தணிக்கைத் துறை. அங்கே விமானி இல்லை என்கிறார்கள். இங்கே பட்டதாரி வேலை இல்லை என்கிறான். நடுவில் பாலம் இல்லை.

பட்டதாரிக்கு உள்ள வழி 'ஆப்கேட்' பரீட்சை. வருஷத்துக்கு 2 தடவை நடக்கிறது. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. உயரம் குறைந்தது 162.5 செண்டிமீட்டர். எந்தப் பட்டமானாலும் சரி, 60 சதவீத மார்க்கு வேண்டும். பெண்களும் எழுதலாம். 2016-லேயே 3 பெண்கள் போர் விமானப் பிரிவுக்கு வந்துவிட்டார்கள்.

15 வயதில் விழும் பூட்டு

எல்லாம் சரி. ஆனால் ஒரு நிபந்தனை பல பேரைக் கவிழ்த்துவிடுகிறது. பிளஸ் 2-வில் கணக்கும் பௌதிகமும் படித்து, இரண்டிலும் தனித்தனியே 50 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும்.

காமர்ஸ் குரூப் எடுத்தவருக்கு இந்தக் கதவு மூடியாயிற்று. கணக்கு இல்லாத சயின்ஸ் குரூப் எடுத்தவருக்கும் அப்படியே. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், "பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் எடுத்தான்" என்று குரூப் எடுக்கிறார்கள். 21 வயதில் ஆசை வரும்போது திரும்பிப் போக முடியாது. இந்த ஒரு வரியை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால்?

இன்னொரு சங்கதியும் உண்டு. எழுத்துப் பரீட்சை தேறியவர்களுக்கு 5 நாள் தேர்வு. பிறகு, விமானம் ஓட்டும் திறமை இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் ஒரு சோதனை. அதை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தவறினால் தவறியதுதான். "சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பக்கூடாது.

இங்கிலீஷ் என்ற வேலி

ஆப்கேட் பரீட்சை இங்கிலீஷில் மட்டுமே. 100 கேள்வி, 300 மார்க்கு, 2 மணி நேரம். ஒரு தப்புக்கு ஒரு மார்க்கு வெட்டு. ஆகாயத்தில் விமானி பேச வேண்டியது இங்கிலீஷ்தான். அதில் தகராறு இல்லை. ஆனால் மத்திய போலீஸ் படைகளின் கான்ஸ்டபிள் பரீட்சையை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். ஆபீசர் பரீட்சைக்குத் தமிழ் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்தவன் கான்ஸ்டபிள் ஆகலாம், ஆபீசர் ஆகக்கூடாது என்றா அர்த்தம்? பரீட்சையை மாற்ற முடியாது என்றால், இங்கிலீஷையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள்!

செய்ய வேண்டியது மூன்று

ஒன்று: ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே குரூப் பற்றிய விவரத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும். கூடவே கண் பரிசோதனையும் நடத்த வேண்டும். கண்ணில் கோளாறு என்று கடைசி நாளில் தெரிந்து அழுது பயன் இல்லை.

இரண்டு: என்.சி.சி. விமானப் பிரிவு விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அதில் 'சி' சர்டிபிகேட் வாங்கியவருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. எழுத்துப் பரீட்சை இல்லாமலே நேராக 5 நாள் தேர்வுக்குப் போகலாம். நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல குறுக்கு வழி கிடையாது.

மூன்று: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே, அதில் ஆப்கேட்டுக்கும், இங்கிலீஷ் பேச்சுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆபத்தான வேலை. குறுகிய காலப் பணியில் 14 வருஷம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. இதையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஆனால் 14 வருஷம் விமானம் ஓட்டியவன் வெளியே வந்து பட்டினி கிடக்கப் போவதில்லை.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதை கிடக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே போனால் தாம்பரம். படை விமானிகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்கள் தயாராவதே அங்கேதான். இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாக விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறார்கள். வழி தெரிந்த பெரியவர்கள் இந்த ஜூனில் குரூப் எடுக்கப் போகும் ஒரு பிள்ளைக்காவது சொல்லட்டும்.