வீழ்ந்தது கோட்டையல்ல, நாடு

"1792இல் ஒல்லாந்தர் வெளியரணைக் கட்டி முடித்தார்கள், 1795இல் சண்டையே இல்லாமல் ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டை வீண்செலவு." பலரும் சொல்வது இதுதான். ஆண்டுகள் சரி, முடிவு பிழை.

1. 1795 தொடக்கத்தில் ஒல்லாந்து நாடே பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய இளவரசர் ஐந்தாம் வில்லியம், பிரெஞ்சுக்காரர் கையில் சிக்காதபடி குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஓகஸ்டில் திருகோணமலையும் போனது. செப்ரெம்பரில் யாழ்ப்பாணம் பணிந்ததற்கு மதிலா பொறுப்பு?

2. ஐந்து கொத்தளங்களும் அழகுக்கா? போர்த்துக்கேயரின் நாற்சதுரக் கோட்டையை 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். பிடித்த பின் அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். காரணம் பீரங்கி. உயர்ந்த மெல்லிய சுவரைக் குண்டு உடைக்கும். தாழ்ந்த தடித்த மதில் தாங்கும். ஒரு கொத்தளத்தின் அடிவாரத்தை அடுத்த கொத்தளத்துப் பீரங்கி காக்கும். மதிலோடு ஒட்டி வருபவன் எங்கே ஒளிவான்?

3. 1990இல் அதே மதிலுக்குள் இருந்த இராணுவத்தினர் மூன்று மாத முற்றுகையைத் தாக்குப்பிடித்தனர். வீண்சுவர் தாங்குமா?

சோதிக்கப்படாத ஆயுதம் தோற்றது என்பது தீர்ப்பல்ல, அவசரம். கோட்டையைக் குறை சொல்லுமுன் அதன் வரலாற்றை முழுதாகப் படியுங்கள்.