என் தம்பி கிட்டாரைக் கெடுக்கவில்லை



போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில், மறைந்த என் தம்பியின் எலெக்ட்ரிக் கிட்டார் படத்தைப் போட்டிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுதினான்: "பெரியப்பா, இது 1977 ஜப்பான் கிட்டார். சித்தப்பா பிக்கப்பை மாற்றி, மரத்தையும் குடைந்து கெடுத்துவிட்டார். ஒரிஜினலாக்கினால் நல்ல விலை போகும்." ஏழெட்டுப் பேர் அதற்குக் கைதட்டல் போட்டிருந்தீர்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்தப் பதில். 32 ஆண்டு இயற்பியல் நடத்தியவன். கொஞ்சம் பாடம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பியும்தான். எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். வகுப்பில் படித்த மின்காந்தத் தூண்டல்! அதே சுருள் டியூப்லைட், டிரான்ஸ்பார்மர் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். கேபிள் நீண்டால் அது மின்தேக்கி போல நடந்து, ஒலியின் கூர்மையைத் தின்றுவிடும். ஆக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு. உள்ளேயே ஒரு சிறு பெருக்கி 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரைச்சல் அடங்கும்; நீளக் கேபிளிலும் ஒலி மங்காது. தம்பி மரத்தைக் குடைந்தது அந்தப் பேட்டரிக்கு இடம் வைக்கத்தான்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1988இல் ஒரு கோயில் திருவிழா மேடை. ஜெனரேட்டர் கரண்ட், எர்த் சரியில்லை. கிட்டார் தந்தியில் கையை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் தூக்கியெறியப்பட்டான். நான் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாதாரண கிட்டாரில் இரைச்சலைக் குறைக்க, தந்திகளை ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயருக்கும் மைக்குக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இருந்தால், இடையில் நிற்கும் மனிதனே வயர். தம்பி சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த இ.எம்.ஜி. பிக்கப்புக்குத் தந்தியோடு அந்த இணைப்பு தேவையில்லை. அதைக் கழற்றிவிட்டான். மோசமான மேடை எப்போதும் ஆபத்துதான். ஆனாலும் தந்தி வழியாக வரும் ஆபத்தை அவன் குறைத்துக்கொண்டான். நீங்கள் கேட்கும் "ஒரிஜினல்" என்பது அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டுவது. என் கையால் அதை மாட்டமாட்டேன்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கை படாத பழைய கிட்டார் ஒரு வரலாற்றுச் சான்று. அதில் உளி வைப்பது தவறு. பழைய பாகங்களைத் தூக்கியெறிவதும் தவறு. என் தம்பி பழைய மூன்று பிக்கப்பையும் திருகாணியோடு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தான். இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

விலைதான் பேச்சென்றால் இதையும் கேளுங்கள். பிங்க் ஃபிலாய்ட் குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட் கிட்டாரில் கழுத்தை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், உடலையும் குடைந்தார். 2019இல் நியூயார்க் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைக்கு உலகில் எந்தக் கிட்டாரும் ஏலத்தில் அந்த விலை போனதில்லை. அதை யாரும் கெட்டுப்போன கிட்டார் என்று சொல்லவில்லை. என் தம்பி கில்மர் இல்லை, தெரியும். ஆனால் வாசிக்கிறவன் தன் தேவைக்குச் செய்த மாற்றமும் அந்தக் கருவியின் வரலாறுதான் என்ற நியாயம், புகழ்பெற்றவருக்கு மட்டும் உரியதா?

ஆகவே கிட்டார் விற்பனைக்கு இல்லை. ஒரிஜினலாக்கச் சொன்ன பிள்ளைக்குத்தான் அதைக் கொடுக்கப்போகிறேன். நம் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ, கண்ணா. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடு. செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும்.