கால்வாய் வேண்டாமா?

சோழவரம் ஏரியைப் பாருங்கள், தோழர்களே! 1944-ல் திறக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் தண்ணீர், கால்வாய் வழியே இங்கே வருகிறது. இங்கிருந்து புழலுக்குப் போகிறது. புழலிலிருந்து சென்னையின் தாகம் தீர்க்கப் போகிறது. ஏரி நிறைந்தால் மட்டும் போதுமா? கால்வாய் வேண்டாமா?

தொழிலாளியின் திறமையும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் இளைஞர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். ஐ.டி.ஐ. படித்த பிட்டர். "அண்ணே! செல்போனில் லிங்க்டுஇன் என்று ஒன்று இருக்கிறதாம். அதிலே தொழிலைச் சொல்லி, நாலு பேரைத் தெரிந்துகொண்டால் நல்ல வேலை கிடைக்குமாம். நமக்கெல்லாம் அது ஆகுமா?" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். "கோட்டுப் போட்டவர்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் இடமப்பா அது!" என்றோம். அவர் முகம் வாடிப் போயிற்று. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. சிரித்தது தவறு, ஊரறிய ஒப்புக்கொள்கிறோம்.

'தெரிந்தவர்' என்ற சொல்லின் வலிமை அறியாதவர்களா நாம்? மேட்டுக்குடிப் பிள்ளைக்கு மாமா கச்சேரியிலே, சித்தப்பா கம்பெனியிலே! ஏர் பிடித்தவன் மகனுக்கு யார் இருந்தார்கள்? அந்த அநீதியைக் கண்டுதான் 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. 1929-ல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் தேர்வாணையம் அமைந்தது. சர்க்கார் வேலையிலே சிபாரிசின் வாசல் குறுகிற்று. தனியார் ஆலையிலோ, அந்த வாசல் அகலத் திறந்தே கிடக்கிறது!

அந்நாளில் நம்மவர்க்குக் கால்வாயாக இருந்தது எது? படிப்பகம்! முடிதிருத்தகம்! தேநீர்க்கடை! எழுத்தறிந்தவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பர். எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியும் அங்கேதான் கிடைத்தது. 2016-ல் மைக்ரோசாப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கிய லிங்க்டுஇன் தருவதும் அந்த அறிமுகத்தைத்தான். பணக்காரர் கோடி கொட்டி வாங்குவதை நாம் ஏளனம் செய்து ஒதுக்குவதா?

ஆனால், எச்சரிக்கை! "உன் வளர்ச்சி உன் கையில், முன்னேறாவிட்டால் குற்றம் உன்னுடையது" என்று உபதேசிப்போர் உண்டு. நம்பவேண்டாம்! 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 480-ஐ எட்டுமுன் வெளியே நிறுத்தப்படுகிறவர், செல்போனில் ஆயிரம் பேரைச் சேர்த்து என்ன பயன்? அந்த நியாயம் கேட்கச் சங்கம் வேண்டும். முகவரி தேட அறிமுகம் வேண்டும். உரிமை காக்க ஒற்றுமை வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது.

எனவே, படிப்பகந்தோறும் வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். படித்த தோழர்கள், ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கு உதவட்டும்: இயக்கத் தெரிந்த எந்திரம் எது, செய்த வேலை என்ன, பெற்ற சான்றிதழ் என்ன என்று தெளிவாக எழுதித் தரட்டும். ஆலையிலே மூத்தவர் இளையவரை அறிமுகம் செய்யட்டும். வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவன் மோசக்காரன் என்று சொல்லிவைக்கட்டும். வேலைக்குப் போன நாட்களைக் குறிப்பேட்டில் எழுதிவரவும் பழக்கட்டும்.

அந்தப் பிட்டர் தம்பியை வரும் ஞாயிறன்று நம் படிப்பகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம். இம்முறை சிரிக்கமாட்டோம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருவோம்.