பெற்றோரின் மருந்துப் பை

ஊரிலிருந்து தில்லிக்கு வந்து நம்மோடு தங்கும் முதியோர் சிலரது மருந்துப் பையில் பொட்டாசியம் குளோரைடு சிரப்பும் இருக்கக் காண்கிறோம். கால் வீக்கத்திற்கு உட்கொள்ளும் லாஸிக்ஸ் போன்ற மாத்திரைகள் சிறுநீருடன் பொட்டாசியத்தையும் வெளியேற்றி விடுவதால், அதனை ஈடு செய்யவே வைத்தியர் இதைத் தருகிறார். இதையொரு சத்து டானிக்காக எண்ணி, சீட்டில் குறித்த காலம் கழிந்த பின்னும் அருந்துவோர் உளர்.

மிகுதியான பொட்டாசியத்தைக் கழிப்பது சிறுநீரகம். அது தளர்ந்திருப்பின், பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, முன்னறிகுறி ஏதுமின்றி இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். ஊர் வைத்தியர் சிரப்புத் தந்ததை அறியாமல், இங்குள்ளவர் இரத்த அழுத்தத்திற்கு ராமிப்ரில், டெல்மிசார்டான் முதலியவற்றை எழுதினாலும் இவ்வபாயம் நேரலாம். அவை பொட்டாசியத்தை உடலில் இருத்துபவை. ஆதலின் பழைய சீட்டுகள் யாவற்றையும் புதிய வைத்தியரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் இயல்பு. அளவு குறைந்தாலும் இருதயத்திற்குக் கேடே. எனவே மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

சிரப்பை நீரில் நன்கு கலந்து, உணவிற்குப் பின் சிறிது சிறிதாக அருந்த வேண்டும். கலக்காமல் குடித்தால் வயிறு புண்ணாகும். மாத்திரையாயின் நசுக்காமல், உட்கார்ந்தபடி, ஒரு டம்ளர் நீருடன் விழுங்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்ததே. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அதனைச் சிபாரிசு செய்தபோதும், சிறுநீரகக் கோளாறு உடையோருக்கு அது பொருந்தாதென விலக்கிற்று. மாமனாரின் இரத்த அழுத்தம் குறையட்டுமென்று மருமகள் அன்போடு சாம்பாரில் இடும் அவ்வுப்பையும் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும்.