அஞ்சு டன் லாரிக்கு என்ன சீட்டு போடலாம்?

அமெரிக்க ராணுவம் கழிச்சுக் கட்டின எம்939 வகை அஞ்சு டன் லாரிகளை ஏலத்துல எடுத்து வீட்டு வாசல்ல நிறுத்தற ஆளுங்க அங்க நிறைய உண்டு. கம்மின்ஸ் எஞ்சின், அல்லிசன் ஆட்டோமேட்டிக் கியர், ஆறு சக்கரத்துக்கும் இழுவைன்னு எல்லாம் பிரமாதம். ஒரு மணி நேரம் ஓட்டினா இடுப்பு மட்டும் ராஜினாமா கடிதம் கொடுக்கும்.

உடனே எல்லாருக்கும் தோணறது, பழைய இரும்புக் கடையில ஏதாவது சொகுசுக் காரோட லெதர் சீட்டைக் கழட்டிட்டு வந்து மாட்டிடலாம்ங்கிறது. வேண்டாம்னு சொல்ற கட்சி நான். மோட்டார் 12 வோல்ட், லாரி 24 வோல்ட்ங்கிறதெல்லாம் சின்ன தலைவலி. பெரிய தலைவலி அதிர்வு. உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு மேல் கீழ் அதிர்வுல 4லிருந்து 8 ஹெர்ட்ஸுக்குள்ளதான் ரொம்ப ஆடும். வெறும் நுரை மெத்தை 4 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஆட்டத்தைக் குறைக்காது, கூட்டித்தான் கொடுக்கும்! கார்ல இது தெரியாது, ஏன்னா கீழ ஸ்பிரிங் பாதி வேலையை முடிச்சுடும். அஞ்சு டன் பட்டை ஸ்பிரிங் அப்படியெல்லாம் கருணை காட்டாது.

நெடுஞ்சாலை லாரிகள்ல வர்ற காத்து சீட்டுதான் சரி. ஒண்ணேகால் ஹெர்ட்ஸ் வாக்குல மெதுவா ஆடறதால, அதுக்கு மேல வர்ற குலுக்கலை வடிகட்டிடும். ஆடாத தரையில உட்கார்ந்து கோடு அடிக்க நாமெல்லாம் எவ்வளவு விலைக்கு நாற்காலி கேக்கறோம், யோசிங்க :-)

எம்939ல பிரேக்கே காத்துதான், அதனால கம்ப்ரெஸர் ஏற்கெனவே இருக்கு. அதுக்காக பிரேக் டேங்க்ல நேரா குழாயைச் சொருகிடாதீங்க. அழுத்தம் குறைஞ்சா தானா மூடிக்கிற பாதுகாப்பு வால்வு நடுவுல இருக்கணும். இல்லேன்னா சீட்டுக் குழாய் வெடிச்சா போறது உங்க பிரேக் காத்து. காசு மிச்சம் பிடிக்கற இடம் இது இல்லை.

வாங்கறதுக்கு முன்னாடி காத்தை முழுசா இறக்கிட்டு உயரத்தை அளந்து பாருங்க. தொடை ஸ்டீயரிங்ல இடிச்சா மொத்த செலவும் தண்டம். தகரத் தரையில வெறும் போல்ட் போதாது, அடியில கனமான இரும்புத் தகடு வேணும். பெல்ட்டைத் தரையில கட்டினா சீட்டு ஏறி இறங்கறப்ப வயித்தை இறுக்கும். பெல்ட் சீட்டோட சேர்ந்திருக்கணும், சீட்டைத் தரையோட பிடிக்க தனிப் பட்டை இருக்கணும்.

"அசல் மாறாம இருக்கணும்"னு சொல்ற ரசிகர்களோட எனக்குச் சண்டை இல்லை. வருஷத்துக்கு ரெண்டு ஊர்வலம் மட்டும் போற வண்டின்னா பழைய சீட்டுக்குப் புது மெத்தை தைச்சாலே போதும். தினமும் ஓட்டறவங்க காத்து சீட்டை மாட்டிட்டு, பழசைக் கழட்டி பரண்ல வைங்க. விக்கறப்ப கேப்பாங்க.

பக்கத்து சீட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். மச்சான் கைப்பிடியைப் பிடிச்சுக்கட்டும்.