ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் குறையுதா?

விசைத்தறிகள் ஓடும் எடப்பாடி போன்ற ஊரில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குப் பஞ்சுத் தூசி பெரிய எதிரி. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்டால், புதுசு வாங்கக் கிளம்பும் முன் வீட்டிலேயே இவற்றைப் பார்த்துவிடலாம்.

பின்: கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் பின் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? பாதி செருகியிருந்தாலே ஒரு பக்கம் குறையும்.

செட்டிங்: விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், ஸ்பீக்கர் பெயரைத் தொடுங்கள். லெஃப்ட், ரைட் இரண்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும்.

செல்போன்: ஹெட்போன் துளை உள்ள செல்போனில் அதே பின்னைச் செருகுங்கள். இப்போது இரண்டும் சமமாகக் கேட்டால் கோளாறு கம்ப்யூட்டரில். இல்லையென்றால் ஸ்பீக்கரிலோ ஒயரிலோ.

வால்யூம் திருகு: திருகும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. கரண்ட்டை நிறுத்திவிட்டு, இரு பக்கமும் இருபது முறை முழுசாகத் திருகினால் பல நேரம் சரியாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லையா? ஒரு கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டைப் போடுங்கள். அவை மோனோ பதிவுகள். இரு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். கேட்டுவிட்டு, அதே நாற்காலியில் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். முன்பு இடது காதில் குறைந்த சத்தம் இப்போது வலது காதில் குறைந்தால், பழுது ஸ்பீக்கர் பக்கம். திரும்பிய பிறகும் அதே இடது காதில்தான் குறைகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது காதை.

காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். எண்ணெய் ஊற்றாமல், குச்சி விடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். நேற்றுவரை நன்றாகக் கேட்ட ஒரு காது திடீரென மந்தமானால், அன்றே போக வேண்டும். சில நாள் தள்ளிப்போட்டாலும் கேட்கும் திறன் திரும்பாமல் போகலாம்.

தறிச் சத்தம் பெரும்பாலும் இரண்டு காதையும் மெதுவாகவே பாதிக்கும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை. 88 ஆனால் 4 மணி நேரம். தறிக்கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். எனவே வேலை நேரத்தில் காதடைப்பான் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.