ஈயின் மூளைக்குள் ஒரு கடிகாரம்

பிள்ளைச்சாவடி விவசாயி ஒருவர் அரைக்காணியில் பந்தல் பாகல் போட்டிருக்கிறார். பிஞ்சுகள் வளைந்து, மஞ்சளாகி உதிர்கின்றன. பிளந்தால் உள்ளே புழு. காலையில் மூன்று முறை மருந்து அடித்தும், மாமரத்துக்கு வாங்கிய பழ ஈப் பொறியை மாட்டியும் பலன் இல்லை. ஈயின் மூளையில் கடிகாரம் இருப்பதாக மகள் படித்தாளாம். அது உண்மையா, பயிருக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறார்.

பதில்: உண்மைதான். கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும் சிற்றீயின் மூளையில் சுமார் ஒரு லட்சத்துக்கும் மேல் நரம்புச் செல்கள் உண்டு. அவற்றில் 150 முதல் 250 செல்கள்தான் நேரம் காட்டுகின்றன. ஒரு தொகுதி விடியலில் ஈயைச் சுறுசுறுப்பாக்கும், இன்னொன்று அந்தியில். இந்தச் செல்களுக்குள் ஒரு புரதம் இரவில் சேர்ந்து, தன் உற்பத்தியைத் தானே நிறுத்தி, பிறகு கரையும். இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். ஈயை இருட்டில் அடைத்தாலும் கடிகாரம் ஓடும். இந்த ஆய்வுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களில் இதே நாள் ஒழுங்கை ஆராய்ந்தார். பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் சிற்றீயின் கடிகாரச் செல்கள் ஆராயப்படுகின்றன.

பாகலைக் கெடுக்கும் பழ ஈ வேறு இனம். ஆனால் அதுவும் நேரம் தவறாது. பகலில் பிஞ்சைத் துளைத்து முட்டையிடும். மற்ற நேரம் வரப்போரச் செடிகளில் ஒதுங்கும். அந்தி மங்கும்போது இணை சேரும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. காலையில் மருந்து வேண்டாம். அப்போது பூ விரிந்திருக்கும், தேனீ வரும். தேனீ செத்தால் காய்ப்பிடிப்பும் போகும். காய்க்குள் இருக்கும் புழுவை மருந்து எட்டாது.

2. ஓரத்தில் மக்காச்சோளம் வரிசையாக விதைக்கலாம். ஈ அதில் ஒதுங்கும். வெல்லம் கலந்த நச்சுக் கரைசலை மாலையில் அந்த வரிசையில் மட்டும் தெளிக்கலாம்.

3. மாமரப் பொறியின் மெத்தில் யூஜினால் பாகல் ஈயை இழுக்காது. 'கியூலூர்' கவர்ச்சிப் பொறி கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஆண் ஈ மட்டுமே விழும். பொறியை மட்டும் நம்பக் கூடாது.

4. உதிர்ந்த பிஞ்சை வரப்பில் எறியாமல் இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். பந்தலடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும்.

நான்காவதற்குக் காசு செலவில்லை, பலன் அதிகம். அக்கம்பக்கத்துப் பந்தல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் ஈ அடங்கும். மருந்தின் பெயரையும் அளவையும் முடிவு செய்யுமுன், கெட்ட காய் இரண்டை எடுத்துக்கொண்டு உழவர் உதவியகத்திலோ குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுவது நல்லது.